அவருக்குத் தெரியாமல் கலக்கிற தூள் வேண்டாம்

கேள்வி: கணவருக்கு 43 வயது, மேசன் வேலை. பத்து வருசத்துக்கு மேலாகக் குடி, இப்ப ஒவ்வொரு நாளும் சாராயம். விடிய எழும்பினால் கை நடுங்கும், அரைக் கிளாஸ் எடுத்தால்தான் மேசன் கரண்டியே பிடிப்பார். கோயிலில் சத்தியம் பண்ணியும் மூன்று நாள் தாங்கவில்லை. சாப்பாட்டில் கலந்தால் குடி மறக்கும் என்று ஒரு தூள் தபாலில் எடுத்து வைத்திருக்கிறன். ஆளுக்குத் தெரியாமல் குடுக்கலாமோ?
- ஒரு வாசகி, தென்மராட்சி

பதில்: தங்கச்சி, குடுக்க வேண்டாம். அந்தப் பைக்கற்றில் என்ன கிடக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குடியை விட வைத்தியர்கள் எழுதும் டைசல்ஃபிராம் குளிசையையே அவர்கள் யாருக்கும் ஒளித்துக் குடுப்பதில்லை. சாராயம் உடலில் உடையும்போது வரும் நச்சு மேலும் உடைந்து போகாமல் அது தடுத்துவிடும். குளிசை உள்ளே இருக்கிறது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், சத்தி வரும், பிறசர் விழும். சிலவேளை உயிருக்கே ஆபத்து. குளிசையை நிறுத்திய பிறகும் இரண்டு கிழமை வரை இந்தப் பயம் இருக்கிறது.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய விடியக்காலை நடுக்கம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. வருசக்கணக்காகச் சாராயம் அமத்தி வைத்த மூளை, அது கிடைக்காதபோது கட்டுமீறித் துடிக்கும். கடைசிக் குடிக்குப் பிறகு ஆறேழு மணித்தியாலத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, ஆள் புலம்பத் தொடங்கலாம். பேய் பிடித்துவிட்டது என்று நூல் கட்டக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மணித்தியாலங்களில் ஆள் தப்புவதே பெரிய பாடு. அவர் சத்தியத்தை மீறியதை ரோசமில்லாத்தனம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள், அந்த மூன்று நாளும் அவருடைய உடம்பு பட்ட பாடு அப்படி. வைத்தியரைக் காணும்வரை “இண்டையோட நிப்பாட்டுங்கோ” என்று நெருக்கவும் வேண்டாம். வைத்தியசாலையில் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் தயமின் என்ற பி1 விற்றமினும் தந்து, சில நாளில் குடியிலிருந்து பக்குவமாக இறக்கிவிடுவார்கள்.

எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? வெறியில் நிற்கும்போது வாயே திறக்காதீர்கள். நடுக்கம் தணிந்து, ஆள் தெளிவாக இருக்கும் ஒரு நேரம் பார்த்துப் பக்கத்தில் இருந்து கதையுங்கள். குடிப் பேச்சை எடுக்காமல் கையிலிருந்து தொடங்குங்கள்: “இஞ்சேருங்கோ, விடியக் கை நடுங்கிறதைப் பார்க்கப் பயமாக் கிடக்கு. ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவமோ?” மேசனுக்குக் கைதானே முதல். குடிக்கு வைத்தியம் என்றால் வராத மனிதர் கைக்கு வைத்தியம் என்றால் வருவார், பலர் வந்திருக்கிறார்கள்.

உங்களுக்குக் கிட்ட சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை இருக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. அரச வைத்தியசாலையில் காசு இல்லை. அவர் மாட்டேன் என்றால் முதல் முறை நீங்கள் மட்டும் போய்க் கதையுங்கள். 1927 இலக்கத்திலும் 1926 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். வலிப்போ புலம்பலோ வந்தால் யோசிக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

வேலைக்குப் போகாத நாளில் “காய்ச்சல்” என்று பொய் சொல்லி மேஸ்திரிக்கு நீங்கள் போன் எடுப்பதையும், அவருடைய தவறணைக் கடனை நீங்கள் கட்டுவதையும் நிறுத்துங்கள். ஏச்சுப் பேச்சு இல்லாமல், பேசாமல் விட்டுவிடுங்கள். தெளிவாக வீட்டில் இருக்கிற பொழுதில் கூட இருந்து சாப்பிடுங்கள், பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். கை ஓங்கினால் அன்றிரவு அந்த வீட்டில் நிற்க வேண்டாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

ஏற்கெனவே ஒரு சிட்டிகை போட்டுக் குடுத்திருந்தால் அந்தப் பைக்கற்றைக் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். ஏசினாலும் பரவாயில்லை, ஒளிக்க வேண்டாம்.