முந்தானை வெட்டுப்படுது, வஞ்சிரம் ஏற மாட்டேங்குது: வேர்ட்பிரஸ் படக் கேள்விகள்

கேள்வி: எம்.சி. ரோட்டில் புடவைக் கடை. வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் பிளக்இன்) தளம். பொம்மைக்குக் கட்டிவிட்டு எடுத்த படத்தை ஏற்றினால், லிஸ்ட் பக்கத்தில் தலையும் போகிறது, கீழ் பார்டரும் போகிறது. ஒவ்வொரு படத்தையும் கையால் வெட்டி ஏற்றுகிறோம். முடியலை சார். (பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: கையால் வெட்டுவதை நிறுத்துங்கள். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் 3000×4000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். லிஸ்ட் பக்கம் கேட்பது சதுரம். வூகாமர்ஸ் நடுவிலிருந்து 3000×3000 எடுத்துக்கொண்டு, மேலே 500, கீழே 500 பிக்சலைத் தள்ளிவிடுகிறது. உங்கள் பார்டர் இருப்பது அந்தக் கீழ் 500-இல்.

கிளாசிக் தீம் (பிளாக்குகளால் கட்டாத பழைய வகைத் தளத் தோற்றம்) என்றால் அப்பியரன்ஸ், கஸ்டமைஸ், வூகாமர்ஸ், புராடக்ட் இமேஜஸ் என்று போங்கள். அங்கே 1:1-க்குப் பதில் கஸ்டம் தேர்ந்து 3:4 கொடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் ‘அன்கிராப்டு’ (வெட்டாமல் விடுவது) சுலபமாகத் தெரியும். ஆனால் படுக்கையாக எடுத்த ஒரே படம் நடுவில் வந்தாலும் வரிசை ஏறி இறங்கும். மாற்றத்தைப் பப்ளிஷ் செய்ததும் பழைய படங்களைப் பின்னணியில் அதுவே புதிதாக வெட்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் நேரமெடுக்கும், பொறுங்கள்.

தீமுக்கென்று தனி அளவை உங்கள் டெவலப்பர் கோடில் எழுதியிருந்தால், வெட்டும் இடத்தையும் அங்கேயே சொல்லலாம். ‘சென்டர், டாப்’ என்று கொடுத்தால் தலை தப்பும் (கீழ்ப்பக்கம்தான் விலை). இது புதிதாக ஏற்றும் படங்களுக்கு மட்டும். பழையவற்றைத் திரும்ப வெட்ட ரீஜெனரேட் தம்ப்நெயில்ஸ் பிளக்இன்னை ஓட்ட வேண்டும். ஓட்டியும் பழைய படமே வருகிறதா? அளவு மாறாததால் ஃபைல் பெயரும் மாறியிருக்காது. கேஷை (பிரவுசரும் தளமும் சேமித்து வைத்திருக்கும் பழைய நகலை) காலி செய்யுங்கள்.

கேள்வி: காலை ஏலம் முடிந்ததும் வஞ்சிரம், சங்கரா படம் போடுகிறோம். ஃபைல் 9 எம்பிதான். ஹோஸ்டிங்கில் 64 எம்பி வரை ஏற்றலாமாம். ஆனாலும் சர்வர் பிஸி என்று சொல்லி நின்றுவிடுகிறது. (காசிமேடு)

பதில்: 64 என்பது ஃபைலின் எடைக்கான வரம்பு. படத்தை வெட்டும்போது சர்வர் அதை மெமரியில் விரிக்கிறது. ஒரு பிக்சலுக்குச் சுமார் 4 பைட். உங்கள் போன் 50 மெகாபிக்சலில் எடுத்திருந்தால் 9 எம்பி ஃபைல் உள்ளே 200 எம்பி ஆகிவிடும். மலிவு ஹோஸ்டிங் அங்கேயே மூச்சு விட்டுவிடும். கேமராவை 12 மெகாபிக்சலுக்கு மாற்றுங்கள், 48 எம்பிதான்.

தரம் போய்விடுமே என்ற கவலை வேண்டாம். 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்சலைத் தாண்டிய படத்தை வேர்ட்பிரஸே சுருக்கி, பெயரின் கடைசியில் ‘ஸ்கேல்டு’ என்று சேர்த்து அதைத்தான் பயன்படுத்துகிறது. அந்த வரம்பைத் தூக்கிவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சின்ன அளவுகளை வெட்ட முழுப் படத்தை எப்படியும் விரித்தாக வேண்டும், அதனால் சர்வர் சுமை குறையாது.

கேள்வி: கட்டுரை எழுதும் பிள்ளைகள் எடிட்டருக்குள்ளேயே படத்தை வெட்டுகிறார்கள். மீடியா லைப்ரரியில் ஒரே படம் நாலு நாலாக நிற்கிறது. இதை மூட முடியுமா? (பெரம்பூர்)

பதில்: முடியும். பிளாக் எடிட்டரில் கிராப் செய்து அப்ளை கொடுத்தால், மூலத்தைத் தொடாமல் ‘எடிட்டட்’ என்ற பெயரில் தனிப் படமாகச் சேமிக்கும். எடிட்டர் செட்டிங்ஸை மாற்றும் ஃபில்டரில் (கோடில் எழுதும் சின்னத் துணுக்கு) ‘இமேஜ் எடிட்டிங்’ என்பதை ஃபால்ஸ் ஆக்கச் சொல்லுங்கள். டெவலப்பருக்கு ஐந்தாறு வரி வேலை. கிராப் பட்டன் மறைந்துவிடும்.

ஆனால் மீடியா லைப்ரரியில் உள்ள ‘எடிட் இமேஜ்’ மறையாது. அது வேறு ரகம்: அதே பதிவுக்குள் வெட்டும், ‘ரீஸ்டோர்’ அழுத்தினால் மூலம் திரும்பும். வெட்டித்தான் ஆகணும் என்றால் பிள்ளைகளை இங்கே வெட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே குவிந்த நகல்களை மொத்தமாக அழித்துவிடாதீர்கள், கட்டுரைகளில் தெரிவதே அவைதான்.

கேள்வி: ஐபோன் படம் சில சமயம் ஏறுகிறது, சில சமயம் இல்லை. (திருவொற்றியூர்)

பதில்: ஏறாதவை ஹெச்இஐசி (ஐபோன் படங்களைச் சேமிக்கும் ஃபைல் வகை) ஃபைல்களாக இருக்கும். 6.7 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் அவற்றை ஜேபெக் ஆக்கித் தரும், சர்வரில் படங்களைக் கையாளும் இமேஜிக் என்ற மென்பொருள் அந்த வகையைப் படிக்கத் தெரிந்ததாக இருந்தால். டூல்ஸ், சைட் ஹெல்த், இன்ஃபோ, மீடியா ஹேண்ட்லிங் பகுதியில் ஃபைல் வகைகளின் பட்டியல் இருக்கும், அதில் பாருங்கள். இல்லையென்றால் போனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வையுங்கள்.

கேள்வி: பிரியாணிக் கடை மெனு கார்டைப் படமாகப் போட்டால் விலை மங்கலாகத் தெரிகிறது. (ராயபுரம்)

பதில்: எழுத்தாகவே தட்டுங்கள். விலை ஏறும்போது மாற்றவும் அதுதான் வசதி.