அரசுப் பள்ளியின் மழலையர் வகுப்பிலும் தொடக்க வகுப்புகளிலும் அண்மையில் உருப்படியாக என்ன நடந்திருக்கிறது?

உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் எல்.கே.ஜி. முதலே வகுப்புகள் இருக்கின்றன. ஆண்டு விழாப் படங்களைத் தவிர அங்கே சொல்லிக்கொள்ளும்படி ஏதேனும் நடக்கிறதா, பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பிள்ளைகள் இருவரும் அத்தகைய ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். அதன் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினராகவும் இருப்பதால், அறிவிப்பில் வந்ததையும் வகுப்பறை வரை வந்து சேர்ந்ததையும் பிரித்துச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளைப் பொறுத்தவரை, நடக்கிறது என்பதே என் பதில். மழலையர் வகுப்பின் நிலை பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது.

முதலில் வாசிப்பைச் சொல்ல வேண்டும். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் கால் வைக்காமலேயே இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட குழந்தைகள் அப்போது எங்கள் பள்ளியிலும் இருந்தார்கள். அந்த இடைவெளியை அடைப்பதற்காகவே 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டு, மறு ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இதில் குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்பதே கணக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பெயர் வைத்து, பயிற்சி நூலையும் அவற்றுக்கு ஏற்பவே அமைத்திருக்கிறார்கள். பாடலுக்கும் கதைக்கும் வாசிப்புக்கும் வகுப்பறையில் தனித்தனி இடங்கள் ஒதுக்கி, அட்டையும் பொம்மையும் ஆசிரியரே செய்து வைத்துப் பாடம் நடத்துகிறார். செயலியில் மதிப்பீட்டைப் பதிவேற்றுவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் குறைபட்டுக்கொள்வதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தக் குறையில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது.

திட்டம் பலித்ததா என்பதை ஊரார் கண்ணெதிரே காட்டிய நிகழ்வு 2024-25 கல்வியாண்டில் நடந்த '100 நாள் சவால்' ஆகும். எங்கள் மாணவர்கள் தமிழும் ஆங்கிலமும் வாசிப்பார்கள், அடிப்படைக் கணக்குகளைப் போடுவார்கள், யார் வேண்டுமானாலும் வந்து சோதித்துப் பார்க்கலாம் என்று 4,552 அரசுப் பள்ளிகள் இதில் முன்வந்தன. எங்கள் பள்ளியும் அவற்றுள் ஒன்று. வந்திருந்தவர்கள் பாடநூலின் ஏதோ ஒரு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்து வாசிக்கச் சொல்ல, ஒரு பாட்டி மட்டும், 'புத்தகம்னா மனப்பாடமா இருக்கும்' என்று சொல்லித் தம் மஞ்சள் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். மூன்றாம் வகுப்புச் சிறுமி 'நிகழும் மங்களகரமான' என்பதை ஒரே மூச்சில் வாசித்தாள். 'சுபமுகூர்த்தத்தில்' என்ற இடத்தில் தடுக்கி நின்று, விரலால் பாதியை மறைத்துக்கொண்டு, இரண்டாகப் பிரித்துப் படித்து மேலே போனாள். அன்று எல்லாரும் அப்படி வாசித்துவிடவில்லை. நான்காம் வகுப்புச் சிறுவர் சிலர் எழுத்துக் கூட்டித்தான் படித்தார்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் இன்னும் சிலர் தடுமாறினார்கள். ஆனால் யாருக்கு எது வரவில்லை என்பது தலைமையாசிரியருக்குப் பெயர் பெயராகத் தெரிந்திருந்தது. எந்தக் கோப்பையையும்விட இதைத்தான் நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

அடுத்தது காலை உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் தமிழ்நாட்டின் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. எங்கள் பள்ளியில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் விடியற்காலையிலேயே வந்து சமைக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதால், சாம்பாரில் காய் குறைந்தால் கேள்வி வீட்டிலேயே எழுந்துவிடுகிறது. பொங்கலும் கிச்சடியும் வரும் நாட்களில் தட்டு காலியாகிவிடும். உப்புமா நாளில் அப்படிச் சொல்ல முடியாது. காட்டு வேலைக்கு ஆறு மணிக்கே கிளம்பிவிடும் தாய்மாருக்கு இத்திட்டம் எவ்வளவு பெரிய ஒத்தாசை என்பதை அவர்களிடமே கேட்டறியலாம். முதல் மணிக்குப் பிறகு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் இப்போது மணிக்கு முன்பே வந்துவிடுவது ஆசிரியர்களுக்கும் ஆதாயம்தான்.

கலைத் திருவிழாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதலில் ஆறாம் வகுப்புக்கு மேல் மட்டும் இருந்த இந்தப் போட்டிகள் 2024-25இல் தொடக்க வகுப்புகளுக்கும் வந்தன. ஒப்புவித்தல், மாறுவேடம், களிமண் பொம்மை என்று குழந்தைகள் மகிழ்ச்சியாகவே ஈடுபட்டார்கள். மாறுவேடம் மட்டும் பெற்றோருக்கிடையிலான போட்டியாக மாறிவிடுகிறது என்பது என் தனிப்பட்ட எரிச்சல்.

இனி மழலையர் வகுப்பு. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. தொடக்கத்தில், தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் இடைநிலை ஆசிரியர்களை இங்கே மாற்றினார்கள்; 2022இல் அவர்களைத் தொடக்க வகுப்புகளுக்கே திருப்பி அழைத்தபோது, வகுப்புகளே நின்றுபோகுமோ என்ற அச்சம் பெற்றோரிடையே எழுந்தது. எதிர்ப்புக்குப் பிறகு வகுப்புகள் தொடரும் என்று அறிவித்து, மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை நியமித்தார்கள். குறைந்த ஊதியத்தில் வருபவர் நல்ல வேலை கிடைத்தால் போய்விடுவது இயல்பு. அப்படி அவர் போய்விட்டால், புதியவர் வரும்வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அங்கன்வாடிப் பணியாளர் தலையிலேயே விழுகிறது. ஆசிரியர் நிலைத்திருக்கும் பள்ளிகளில் பாட்டும் விளையாட்டும் மணி கோப்பதும் வண்ணம் தீட்டுவதுமாக வகுப்பு உயிரோடு இருக்கிறது. இல்லாத இடங்களில் குழந்தைகள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருகிறார்கள். காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கே உரியது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். மழலையருக்கு அங்கன்வாடியின் சத்துணவு உண்டு.

ஆகவே சேர்க்கைக்கு முன் ஒரு வேலை நாளில் பள்ளிக்குச் சென்று, மழலையர் வகுப்புக்கு இப்போது ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பிறகு அனுமதி பெற்று மூன்றாம் வகுப்பில் சிறிது நேரம் உட்காருங்கள். மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. அவர்களில் யாராவது ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார், மீதியை அவரிடம் விசாரித்துக்கொள்ளலாம்.