பட்டறைப் பதில்கள்: பழைய குரூசருக்கு முதல் செலவு எது?

என் அப்பா ஓட்டிய பஜாஜ் அவெஞ்சர் 200 குரூசர் பைக், 2009 மாடல், இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. ஹேண்டில்பாரை உயர்த்தி, பின்னால் 150 அகல டயர் போட்டு, சைலன்சரையும் மாற்ற ஆசை. எதிலிருந்து தொடங்கலாம், ஐயா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பிரேக்கிலிருந்து தொடங்குங்கள், தம்பி. அப்பா வண்டியை அலங்கரிக்க நினைப்பது நல்ல ஆசை. ஆனால் இந்த வயது வண்டியில் முதல் பணம் முன் டிஸ்க்கின் ரப்பர் ஹோஸ், பிரேக் ஆயில், கோன்செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்), ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ் ஆகியவற்றுக்கே போக வேண்டும். கோன்செட்டை நீங்களே பார்க்கலாம். முன்சக்கரம் தரையில் படாதபடி முட்டுக்கொடுத்து, ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் கோன்செட் தேய்ந்துவிட்டது. அந்த நிலையில் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறாதீர்கள்.

ஹேண்டில்பாரை இரண்டு அங்குலம் உயர்த்தினாலும் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ், ஒயரிங் எல்லாம் இழுபடும். மாட்டிய பிறகு வண்டியை நிறுத்தி வைத்து, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுக்கிறது என்று பொருள். யூ-டர்ன் அடிக்கும்போது அந்த வண்டி உங்களைக் கேட்காமல் பாயும். நீளமான கேபிள் போடாமல் பட்டறையை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

150 டயர் வேண்டாம். கம்பெனி கொடுத்த 130/90-15 அளவே அந்த ஸ்விங் ஆர்முக்குப் பொருந்தும். அகலம் கூடினால் செயின் பக்கம் உரசும், வளைவில் வண்டி சாயவும் மறுக்கும். சைலன்சரையும் தொடாதீர்கள். 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்குத் தயாரிப்பு நிலையில் ஒலி வரம்பு 80 டெசிபல். வெளியில் விற்கும் குழாய்கள் பலவும் அதைத் தாண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்சியில் (பதிவுச் சான்று) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும் வகையில் வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நிறம் மாற்றலாம். ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து ஆர்சியில் பதிந்துகொள்ளுங்கள்.

சீட்டுக்குத் தாராளமாகச் செலவு செய்யுங்கள். பழைய ஸ்பாஞ்சு அமுங்கிப்போனால் பவானி போய்த் திரும்புவதற்குள் இடுப்பு வலிக்கும். உடம்புக்கு வசதி தரும் மாற்றத்தை நான் ஒருபோதும் தடுப்பதில்லை. கழற்றிய பாகங்களைச் சாக்கில் கட்டிப் பத்திரமாக வையுங்கள். பழைய மாடலுக்கு ஒரிஜினல் பாகம் தேடி கோவை உக்கடம் கடைகளில் அலைகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

அவெஞ்சர் 220 ஓட்டுகிறேன். வெயிலில் அரை மணி நேரம் ஓடினால் எஞ்சின் கொதிக்கிறது, இழுவையும் குறைகிறது. ஆயில் மாற்றியும் பயனில்லை.
- வாசகர், பல்லடம்

ஊர்ப் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய ஆயில் கூலரை, டார்ச் அடித்து உட்கார்ந்து பாருங்கள். விசைத்தறிப் பஞ்சு, எண்ணெய்ப் பிசுக்கு, செம்மண் மூன்றும் சேர்ந்து தகடுகளுக்கு நடுவே கம்பளிபோல் படிந்திருக்கும். காற்று நுழையாவிட்டால் அங்கே போகும் ஆயில் சூடாகவே திரும்பி வரும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை அதன்மேல் நேராகப் பிடிக்கவே கூடாது. தகடுகள் மடங்கிவிடும். எஞ்சின் ஆறிய பிறகு சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் தகடுகளின் போக்கிலேயே தேய்த்து, பின்பக்கத்திலிருந்து மெல்லிய தண்ணீர் விடுங்கள். ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். தறிப் பட்டறைகளுக்கு நடுவே ஓடும் வண்டிக்குக் கம்பெனி சொன்ன கிலோமீட்டர் கணக்கு போதாது. பாதித் தூரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

அப்பாவின் 2005 ராயல் என்ஃபீல்ட் தண்டர்பேர்ட் இரண்டு வருடமாகத் தோப்பு வீட்டில் நிற்கிறது. அதை நானே ஓட்ட விரும்புகிறேன். ஆயில் குச்சியில் ஆயிலே தெரியவில்லை. ஊற்றி ஸ்டார்ட் செய்யலாமா?
- வாசகி, பொள்ளாச்சி

ஊற்றாதீர்கள், அம்மணி. நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. உங்களுடையது ஏவிஎல் எனும் பழைய வகை எஞ்சின். அதில் ஆயில் தனி அறையில் இருக்கும். மாதக்கணக்கில் நின்றால் அது மெல்ல இறங்கி கிராங்க் பக்கம் சேர்ந்துவிடும். குச்சி காய்ந்திருந்தாலும் ஆயில் உள்ளேதான் இருக்கும். மேலும் ஊற்றினால் ஸ்டார்ட் ஆனதும் மூச்சுக்குழாய் வழியே கக்கும். அடியில் உள்ள போல்ட்டுகளைத் திறந்து பழையதை முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பச் சொல்லுங்கள். பிளக்கைக் கழற்றிச் சில சொட்டு ஆயில் விட்டு, பிளக் இல்லாமலே கிக்கரை மெல்லச் சிலமுறை மிதியுங்கள்.

டேங்கில் கிடக்கும் பெட்ரோலையும் கொட்டிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுக்கும், டேங்க் துருப்பிடிக்கும், பழைய ரப்பர் வாஷர்கள் உப்பும். கார்புரேட்டரைப் பிரித்து பைலட் ஜெட்டை (பெட்ரோல் போகும் நுண்துளைக் குழாய்) வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஒளி தெரிய வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2315 என்றால் 2015-ம் ஆண்டின் 23-வது வாரம். அவ்வளவு பழையது என்றால் டயர் பட்டன் (மேல்பரப்பின் பள்ளமேடு) எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றுங்கள். ஆர்சி கெடுவையும் பார்த்துவிடுங்கள். 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை செய்து புதுப்பித்திருக்க வேண்டும்.

செயினுக்குப் பழைய எஞ்சின் ஆயில் விடலாமா?
- வாசகர், காங்கேயம்

கூடாது. அதில் இரும்புத் தூளும் கரியும் இருக்கும். 90 கிரேடு கியர் ஆயிலை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஓடி வந்த சூட்டிலேயே, எஞ்சினை நிறுத்திவிட்டு சக்கரத்தைக் கையால் சுற்றி உள்பக்கமாக விடுங்கள். வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.