பழைய மோடம் வேகத்துக்குக் கணக்குப் போடுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பு 100 மெகாபிட் என்கிறார்கள். அது எத்தனை 56 கே மோடங்களுக்குச் சமம்? பதிவிறக்கம் செய்யும்போது 12 என்றுதான் காட்டுகிறதே, ஏன்?

பதில்: இரண்டாவது சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுவோம். இணைப்பு வழங்குபவர்கள் வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள். பிரவுசர் அதைப் பைட்டில் காட்டுகிறது. ஒரு பைட்டுக்கு எட்டுப் பிட் என்பதால் 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட் ஆகிறது. உங்கள் இணைப்பில் குறையேதும் இல்லை. தொலைபேசிக் கம்பி வழியே கணினியை இணையத்தோடு இணைத்த மோடத்தின் வேகமும் பிட்டில்தான் குறிக்கப்பட்டது. 56 கே என்றால் நொடிக்கு 56,000 பிட். ஆகவே நொடிக்கு 10 கோடி பிட்டை 56,000 பிட்டால் வகுத்தால், ஏறத்தாழ 1,786 மோடங்கள் என்று விடை கிடைக்கும். பெட்டியின் மேல் அச்சிட்ட வேகத்தை நம்பினால் வரும் விடை இது. தொலைபேசிக் கம்பியில் உண்மையில் கிடைத்த வேகம் 44,000 என்று வைத்துக்கொண்டால், எண்ணிக்கை 2,273-ஐத் தொடும்.

கேள்வி: அப்படியானால் 56 கே மோடம் ஏன் ஒருபோதும் 56-ஐ எட்டவில்லை?

பதில்: தொலைபேசி நிலையம் உங்கள் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டுப் பிட்டாக எழுதுகிறது, 64,000 என்ற எண் அங்கிருந்து வருகிறது. அமெரிக்கத் தொலைபேசி வலையில் அந்த எட்டாவது பிட்டை அவ்வப்போது சமிக்ஞைக்காக எடுத்துக்கொள்வார்கள் என்பதால், நம்பகமாகக் கையாளக்கூடியவை ஏழு பிட்டுகளே. 8,000-ஐ ஏழால் பெருக்கினால் 56,000. 1998-இல் வந்த வி.90 என்ற மோடம் தரம் இந்த அடித்தளத்தின் மீதுதான் அமைந்தது. இணையச் சேவை வழங்குபவரின் முனை டிஜிட்டலாக இருக்க வேண்டும், வழியில் ஒரே ஒரு முறை மட்டுமே அனலாக் மாற்றம் நிகழ வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். உங்கள் வீட்டிலிருந்து மேலே செல்லும் திசையில் இந்த உத்தி பலிக்காது. அங்கே வி.34 என்ற பழைய தரத்தின் 33,600-தான் உச்சம். இவற்றோடு, கம்பியில் செலுத்தும் மின்திறனுக்கு அமெரிக்காவில் விதிக்கப்பட்டிருந்த வரம்பினால் கீழிறங்கும் வேகமும் 53,300-உடன் நின்றுவிட்டது. நிலையத்திலிருந்து வீடு எவ்வளவு தொலைவோ, கம்பி எவ்வளவு பழையதோ, அதற்கேற்ப வேகம் மேலும் குறைந்தது.

கேள்வி: 2400 பாட், 2400 பிட் இரண்டும் ஒன்றா?

பதில்: ஒன்றல்ல. பாட் என்பது நொடிக்கு எத்தனை முறை சமிக்ஞை மாறுகிறது என்ற கணக்கு. பெல் 103 என்ற பழைய மோடத்தின் காலத்தில், நொடிக்கு 300 பிட் அனுப்பிய மோடத்தில் ஒரு மாற்றத்துக்கு ஒரு பிட் என்பதால் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. குழப்பத்தின் வேர் அதுவே. வி.22பிஸ் மோடம் நொடிக்கு 600 முறை மட்டுமே மாறி, ஒவ்வொரு மாற்றத்திலும் நான்கு பிட்டுகளைச் சுமந்து 2400-ஐ எட்டியது. பழைய விளம்பரங்களில் ‘9600 பாட்’ என்று கண்டால் பிட் என்றே வாசியுங்கள். எழுதியவரும் அதைத்தான் எண்ணியிருப்பார்.

கேள்வி: பைட்டுக்கு மாற்ற எட்டால் வகுப்பதா, பத்தால் வகுப்பதா? இரண்டு விதமாகவும் படித்திருக்கிறேன்.

பதில்: இரண்டும் சரி, எந்த மோடம் என்பதைப் பொறுத்தது. பழைய மோடங்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே ஒரு தொடக்கப் பிட்டும் பின்னே ஒரு நிறுத்தப் பிட்டும் சேர்ந்து சென்றதால், ஒரு பைட்டுக்குப் பத்துப் பிட் செலவாயிற்று. ஆகவே 300 மோடம் நொடிக்கு 30 எழுத்துகளைத் தந்தது. எண்பது எழுத்து அகலமும் இருபத்தைந்து வரி உயரமும் கொண்ட ஒரு திரையை நிரப்ப அதற்கு 67 நொடிகள் பிடித்தன என்றால், வாசிப்பவரின் கண் மோடத்தை முந்திக்கொண்டு காத்திருந்திருக்கும். 2400-இல் அதே திரை ஏறத்தாழ 8.3 நொடிகளில் நிரம்பிவிடும். பிழைதிருத்தும் வி.42 வந்தபின் மோடங்கள் அந்த இரு பிட்டுகளையும் கழற்றிவிட்டு, தரவைத் தொகுதிகளாகக் கட்டி அனுப்பின. அதற்குப் பிறகு எட்டால் வகுத்து, தொகுதித் தலைப்புகளுக்காகச் சில விழுக்காட்டைக் கழிப்பதே பொருத்தம். மனக்கணக்குக்கு நான் இன்றும் பத்தால்தான் வகுக்கிறேன். விடை சற்றுக் குறைவாக வரும். அக்கால இணைப்புகளுக்கு அந்தக் குறைவு பெரும்பாலும் உண்மைக்கு அருகிலேயே இருந்தது.

கேள்வி: 28,800 மோடத்தில் ஒரு ஃபிளாப்பி அளவு கோப்பை இறக்க எவ்வளவு நேரம்? கிலோ என்றால் 1000-ஆ, 1024-ஆ?

பதில்: தொடர்பு வேகத்தில் கிலோ எப்போதும் 1000. ஃபிளாப்பியோ ஒரு விசித்திரம்: அதன் 1.44 மெகாபைட் என்பது 1.44-ஐ ஆயிரத்தாலும், பிறகு 1024-ஆலும் பெருக்கிய கலப்பு. அதாவது 14,74,560 பைட். எட்டால் பெருக்கி 28,800-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 410 நொடிகள், ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

கேள்வி: என் பழைய கணினியில் ‘கனெக்ட் 115200’ என்று வந்ததே. அவ்வளவு வேகமா?

பதில்: இல்லை. அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலிருந்த சீரியல் போர்ட்டின் வேகம். கம்பியின் வேகம் அன்று. வி.42பிஸ் சுருக்கம் எழுத்துக் கோப்புகளை நான்கில் ஒரு பங்குவரைகூடச் சுருக்கும் என்பதால், போர்ட்டை வேகமாக வைக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே சுருக்கப்பட்ட படங்களுக்கும் பாடல்களுக்கும் அது பயன்படவில்லை.

கேள்வி: கைப்பேசியில் அன்றைய டேட்டா தீர்ந்ததும் 64 கே.பி.பி.எஸ். ஆகிவிடுகிறது. அது பழைய டயல்-அப் மோடத்தைவிட மேலா?

பதில்: எண்ணளவில் மேல்தான், 56 கே மோடம் எதுவும் நடைமுறையில் 64-ஐத் தொட்டதில்லை. ஆனால் இன்றைய இணையப் பக்கம் ஒன்று 2 மெகாபைட் என்று கொண்டால், 64-இல் அது திறக்க 250 நொடிகள் ஆகும். அக்காலப் பக்கத்தை 50 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், 44,000-இல் ஓடிய மோடம் அதை ஒன்பது நொடிகளில் கொண்டுவந்து தந்திருக்கும்.