வில்லியம்ஸ்பர்க்: கொல்லர் பட்டறையில் ஏன் திருப்பி அனுப்பினார்கள்?

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், 18-ஆம் நூற்றாண்டு ஊர் போலவே பேணப்படும் பழைய நகரம் வில்லியம்ஸ்பர்க். தெருவில் தடையில்லாமல் நடக்க விட்டவர்கள் கொல்லர் பட்டறை வாசலில் மட்டும் ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். டிக்கெட்தான் காரணம். தெருவில் நடக்க டிக்கெட் வேண்டாம். கடைகளுக்கும் சாப்பாட்டு விடுதிகளுக்கும் வேண்டாம். ஆளுநர் மாளிகை, பழைய சட்டமன்றம், நீங்கள் நுழையப் பார்த்த கொல்லர் பட்டறை போன்ற இடங்களுக்கு வேண்டும்.

சுற்றிலும் வேலியோ நுழைவாயிலோ இல்லாததால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அது நிஜமான ஊர். பழைய வீடுகள் சிலவற்றில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

நாளை போனால் வாசலில் கொடி பறக்கிறதா என்று பாருங்கள். பறந்தால், டிக்கெட் உள்ளவர்கள் உள்ளே போகலாம். கொடி இல்லாத வீட்டுக் கதவைத் தள்ளிப் பார்க்காதீர்கள், உள்ளே யாராவது காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்!

முழு நாள் கையில் இருந்தால் டிக்கெட் எடுங்கள். இரண்டு மணி நேரம்தான் என்றால், என்னைப் பொறுத்தவரை டிக்கெட் வீண். முக்கிய வீதியான டியூக் ஆஃப் குளோஸ்டர் தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாலே போதும்.

ஒன்று மட்டும்: எல்லாக் கட்டடமும் தினமும் திறப்பதில்லை. அன்றைய அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆளுநர் மாளிகையின் பழைய கட்டடம் 1781-இல் எரிந்துபோனது, இப்போதிருப்பது 1930-களில் திரும்பக் கட்டியது. அசல் சுவரே பார்க்க வேண்டுமென்றால், அந்தக் காலத்திலிருந்தே நிற்கும் ஜார்ஜ் வைத் வீட்டுக்குப் போங்கள்.