டார்ப்-32: டோபமைன் செய்தியின் இரு திசைகள் (கேள்வி பதில்)

கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியரான நான், மூளையின் நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைன் குறித்துச் சென்ற மாதம் பேசியதைத் தொடர்ந்து வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

குன்னூர், தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்: ஐயா, டார்ப்-32 என்று ஒரு புரதத்தைச் சொன்னீர்கள். அது மூளையில் என்னதான் செய்கிறது?

1983இல் நரம்பியல் அறிவியலாளர் பால் கிரீன்கார்டும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் எலியின் மூளையில் அடையாளம் கண்ட சிறிய புரதம் இது. டோபமைனாலும் சி.ஏ.எம்.பி. என்னும் செய்தி மூலக்கூறாலும் கட்டுப்படுத்தப்படும் புரதம் என்பதன் சுருக்கமே இந்தப் பெயர். 32 என்பது அதன் மூலக்கூறு எடையைக் கிலோடால்டனில் குறிக்கிறது. அசைவு, ஆர்வம், பழக்கம் ஆகியவற்றை ஆளுகிற ஸ்ட்ரையேட்டம் என்ற ஆழ்பகுதியின் நரம்பணுக்களில் இது மிகுதியாக உள்ளது.

கோடை சீசனில் நம் மலைக்கு வருகிற வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றிக் கோத்தகிரி வழியாக இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். சாலை அதேதான், எந்தத் திசைக்குத் திறந்திருக்கிறது என்பதே பயணத்தை முடிவு செய்கிறது. டார்ப்-32இன் வேலையும் ஏறத்தாழ அப்படித்தான். நரம்பணுவின் மேல் டோபமைனை ஏற்கும் புரதங்களில் ஒன்றான டி1 ஏற்பியில் டோபமைன் சேர்ந்ததும் அணுவுக்குள் சி.ஏ.எம்.பி. பெருகி, புரதக் கைனேஸ்-ஏ என்னும் நொதி விழித்து, டார்ப்-32இன் 34ஆம் இடத்தில் உள்ள த்ரியோனைன் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் என்னும் சிறு வேதிக்குழு ஒன்றை ஒட்டுகிறது. அப்போது டார்ப்-32, மற்றப் புரதங்களிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றுகிற புரத பாஸ்பட்டேஸ்-1ஐத் தடுத்து நிறுத்துவதால், டோபமைன் சொன்ன செய்தி வலுத்து நீடிக்கிறது. மாறாக, சி.டி.கே.5 என்ற இன்னொரு நொதி 75ஆம் இடத்தில் பாஸ்பேட்டை ஒட்டினால், அதே டார்ப்-32 புரதக் கைனேஸ்-ஏயையே தடுத்துவிடுகிறது. செய்தியை வலுப்படுத்திய புரதமே அதை அடக்கும் புரதமாகிறது. இதற்கிடையே குளுட்டமேட் என்னும் மற்றொரு நரம்புச் செய்திப் பொருள் வழியாக அணுவுக்குள் நுழையும் கால்சியம், கால்சினியூரின் என்ற நொதியைத் தூண்டி 34ஆம் இடத்துப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. ஆகவே பல வாயில்களில் வந்த செய்திகளை ஓரிடத்தில் சேர்த்துக் கணக்குப் பார்க்கிற இடம் இது என்று கொள்ளலாம்.

உதகை, மருந்தாக்கவியல் மாணவி: இந்தப் புரதத்துக்கும் மனநோய்க்கும் தொடர்பு உண்டு என்பதற்கு என்ன ஆதாரம், ஐயா? இதையே குறிவைத்து மருந்து செய்ய இயலாதா?

எனக்கு மிகவும் பிடித்த சான்று 2003இல் வெளியான ஒரு சுண்டெலி ஆய்வு. மனநோய் போன்ற நிலையை உண்டாக்கக்கூடிய போதைப்பொருள்களில் ஆம்பெட்டமின் டோபமைன் வழியாகவும், எல்.எஸ்.டி. செரட்டோனின் என்ற நரம்புச் செய்திப் பொருள் வழியாகவும், பி.சி.பி. குளுட்டமேட் வழியாகவும் மூளையைக் கலைக்கின்றன. வழிகள் மூன்றானாலும் டார்ப்-32 இல்லாத சுண்டெலிகளில் மூன்றின் விளைவுமே வெகுவாகக் குறைந்தது. மருந்து பற்றிய கேள்விக்கு விடை அவ்வளவு உற்சாகமானதன்று. டார்ப்-32க்கு நிலையான வடிவம் கிடையாது என்பதால் மருந்து மூலக்கூறு பொருந்தி அமர்வதற்கான குழி அதில் கிடைப்பது அரிது. அதைச் சுற்றியுள்ள நொதிகளோ உடல் முழுதும் வேலை செய்பவை. அவற்றுக்கு மாறாக ஸ்ட்ரையேட்டத்தில் மிகுந்துள்ள, சி.ஏ.எம்.பி.யைச் சிதைக்கும் நொதியான பாஸ்போடைஎஸ்டரேஸ்-10ஏயைத் தடுத்துப் பார்த்தார்கள். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை.

இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 2000ஆம் ஆண்டில் ஆர்விட் கார்ல்சன், எரிக் காண்டல் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்ற கிரீன்கார்டு, தம்மைப் பெற்றெடுக்கையில் இறந்த தாயின் பெயரில், தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்தைக் கொண்டு, பெண் அறிவியலாளர்களுக்கென ஒரு பரிசை நிறுவினார்.

கூடலூர், ஒரு தாய்: என் மகனுக்கு மனச்சிதைவு என்கிறார்கள். இரத்தத்தில் இந்தப் புரதத்தை அளந்து உறுதி செய்து கொள்ளலாமா?

வேண்டாம் அம்மா. மனச்சிதைவால் பாதிக்கப்பட்டோரின் முன்மூளைப் புறணியில் டார்ப்-32 குறைந்திருப்பதாக 2002இல் ஓர் ஆய்வு கண்டது உண்மை. ஆனால் அது இறந்தவர்களின் மூளைத் திசுவில் அளந்தது, பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதையே சொல்லவுமில்லை. உங்கள் மகனின் நோயை உறுதி செய்வது, மருத்துவர் அவருடனும் உங்களுடனும் பொறுமையாக உட்கார்ந்து கேட்டறியும் வரலாறுதான். இரத்தப் பரிசோதனை செய்வார்கள். அது தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று தெரிந்துகொள்வதற்காக. மரபணுச் சோதனை என்று யாரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மஞ்சூர், பெயர் வெளியிட விரும்பாதவர்: தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வருமா?

பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஏறத்தாழ பத்து. பொதுவாக மக்களிடையே அது நூற்றுக்கு ஒன்று அளவில். பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வருவதில்லை என்பதைக் கல்யாணப் பேச்சின்போது தயங்காமல் சொல்லுங்கள்.

கோத்தகிரி, தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் கணவர்: என் மனைவி மனநிலையைச் சீராக்கும் மருந்தான லித்தியம் சாப்பிடுகிறார். நாளுக்கு ஆறேழு முறை தேநீர் குடிப்பார். நிறுத்தச் சொல்லட்டுமா?

திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். இந்த மலையில் இதைவிடப் பயனுள்ள கேள்வி இருக்க முடியாது. தேநீரில் உள்ள காஃபீன், அடினோசின் என்ற மூளைச் செய்திப் பொருளின் ஏற்பிகளை அடைப்பதன் மூலம் டார்ப்-32இன் 75ஆம் இடத்துப் பாஸ்பேட்டைக் கூட்டுகிறது. டார்ப்-32 இல்லாத சுண்டெலிகளிடம் காஃபீன் தரும் சுறுசுறுப்பு குறைந்ததை 2002இல் காட்டினார்கள். ஆனால் உங்கள் மனைவிக்கு முக்கியமானது மூளையன்று, சிறுநீரகம். காஃபீன் லித்தியத்தைச் சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றுகிறது. பல நாள் பழகிய தேநீரை ஒரே நாளில் விட்டால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடக்கூடும். வாந்தி, கடுமையான கைநடுக்கம், தள்ளாட்டம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மனச்சிதைவுக்கான குளோசபின் என்ற மருந்தைச் சாப்பிடுவோருக்குக் கணக்கு தலைகீழ்: காஃபீன் கூடினால் மருந்தின் அளவும் கூடும். அவர்கள் பீடியை விட்டாலும் அளவு ஏறும். ஆகையால் எந்த மாற்றத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் படிப்படியாகச் செய்யட்டும்.

அரவங்காடு, ஒருவர்: மனநோய்க்கு ஹாலோபெரிடால் சாப்பிட்டு நன்றாக இருக்கிறேன்; கை நடுங்குகிறது. நிறுத்தலாமா?

டோபமைனின் மற்றோர் ஏற்பியான டி2ஐ அந்த மருந்து அடைப்பதால்தான் இல்லாத குரல்கள் காதில் கேட்பது போன்ற தொல்லைகள் அடங்குகின்றன; அதே அடைப்பு ஸ்ட்ரையேட்டத்தின் அசைவுப் பகுதியிலும் நடப்பதால்தான் கை நடுங்குகிறது. நடுக்கத்துக்கு மாற்று உண்டு: அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம், துணை மாத்திரை சேர்க்கலாம். நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். மருத்துவரைப் பார்ப்பதற்குள் மனம் தடுமாறினால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸின் 14416 எண்ணை இரவிலும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை அடைபடும் நாட்களை நினைத்து, இரண்டு வாரத்துக்கான மாத்திரையை எப்போதும் வீட்டில் கூடுதலாக வைத்திருங்கள்.