வரியே இல்லாத ஒப்பந்தம் இருந்தும் வட அயர்லாந்து விஷயத்தில் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் ஏன் ஓயாமல் மோதிக்கொண்டன?

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே 2020 டிசம்பர் 24 அன்று எட்டப்பட்ட வர்த்தக ஒப்பந்தம், பிறப்பிட விதிகளுக்கு (சரக்கு எந்த நாட்டில் உருவானது என்பதைத் தீர்மானிக்கும் விதிகளுக்கு) உட்பட்ட சரக்குகளுக்குச் சுங்க வரியை முழுமையாக நீக்கியது உண்மையே. ஆனால் ஏற்றுமதி ஆவணங்களோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உணவுச் சரக்கைத் துறைமுகத்தில் முடக்கிப்போடுவது பெரும்பாலும் வரி அல்ல, சான்றிதழ். அந்த ஒப்பந்தம் வரியைத்தான் தள்ளுபடி செய்ததே தவிர, கால்நடைச் சான்றிதழையோ தாவர நலச் சான்றிதழையோ தள்ளுபடி செய்யவில்லை.

ஒன்றியத்தின் உறுப்பினரான அயர்லாந்துக் குடியரசுக்கும் பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும் இடையிலான எல்லை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளம் கொண்டது. இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள் அதைக் கடக்கின்றன. மூவாயிரத்து ஐந்நூறு பேர் அளவில் பலிகொண்ட முப்பதாண்டு வன்முறையை 1998ஆம் ஆண்டின் புனித வெள்ளி உடன்படிக்கை முடிவுக்குக் கொண்டுவந்த பிறகு, அந்த எல்லையில் மீண்டும் சோதனைச் சாவடி எழுப்ப இரு தரப்புமே துணியவில்லை. ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தையிலிருந்து பிரிட்டன் வெளியேறுமென்றால் சோதனை எங்காவது நடந்தாக வேண்டும்; எனவே 2019 அக்டோபரில் ஒப்புக்கொள்ளப்பட்ட வட அயர்லாந்து நெறிமுறை, அப்பகுதியை ஒன்றியத்தின் சரக்கு விதிகளுக்குள் வைத்து, சோதனையை அதற்கும் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கும் இடையிலான கடலுக்கு நகர்த்தி, லார்ன், பெல்ஃபாஸ்ட் போன்ற துறைமுகங்களில் வைத்தது. இதற்குச் சம்மதித்த அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சனே அடுத்த மாதம் வட அயர்லாந்து வணிகர்களிடம், யாராவது படிவம் கேட்டால் அதைக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்வதாக வாக்குறுதி அளித்தார். பின்னாளைய கசப்பில் பாதிக்கு அந்த ஒரு பேச்சே வித்திட்டது என்பது என் கருத்து.

2021இல் ஊடகங்கள் 'சாசேஜ் போர்' என்று கேலி செய்த தகராறையே எடுத்துக்கொள்ளலாம். பதப்படுத்திச் சமைக்காத கொத்திறைச்சிப் பண்டங்களை, உறையவைக்காமல் வெறுமனே குளிரூட்டிய நிலையில், வெளிநாடுகளிலிருந்து ஒன்றியம் அனுமதிப்பதில்லை. பிரிட்டனுக்கென்று புதிதாக வகுத்த தடை அல்ல இது. ஏற்கெனவே இருந்த விதிதான், வெளியேறியவுடன் பிரிட்டனும் 'வெளிநாடு' ஆகிவிட்டது. விளைவாக, இங்கிலாந்தில் தயாரான சாசேஜ் அதே நாட்டின் இன்னொரு பகுதியான பெல்ஃபாஸ்டின் கடைக்குப் போக முடியாத நிலை வரவிருந்தது; விதிகளை முழுதாக அமலாக்காமல் விட்டுவைத்த சலுகைக் காலம் அடுத்தடுத்து நீண்டதால்தான் அந்தத் தடை அமலாகவில்லை. ஸ்காட்லாந்தின் விதை உருளைக்கிழங்குக்கோ தடை உண்மையாகவே விழுந்தது. உணவுச் சான்றிதழ்களுக்கான சலுகைக் காலத்தை 2021 மார்ச்சில் பிரிட்டன் தன்னிச்சையாக நீட்டிக்க, ஒன்றியம் சட்ட நடவடிக்கை தொடங்கியது. அதற்கு முன்பே ஜனவரி 29 அன்று, தடுப்பூசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் அவசரத்தில் நெறிமுறையின் சில பகுதிகளை ஒருதலையாக நிறுத்திவைக்க வழிசெய்யும் 16ஆம் பிரிவைக் கையில் எடுத்து, சில மணி நேரத்திலேயே பின்வாங்கி, ஒன்றியமும் தன் பங்குக்குப் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

கடலில் எல்லை விழுந்ததைத் தங்களைப் பிரிட்டனிலிருந்து பிரிக்கும் செயலாகக் கண்ட ஜனநாயக ஒன்றியவாதக் கட்சி (பிரிட்டனுடனான இணைப்பை ஆதரிக்கும் வட அயர்லாந்துக் கட்சி) 2022 பிப்ரவரியில் ஆட்சியிலிருந்து விலகியது. வட அயர்லாந்தின் அரசு ஈராண்டு காலம் முழுமையாக இயங்கவில்லை.

2023 பிப்ரவரி 27 அன்று அப்போதைய பிரிட்டன் பிரதமர் ரிஷி சுனக்கும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லையனும் அறிவித்த வின்ட்சர் ஏற்பாடு, சரக்கை இரண்டாகப் பிரித்தது. வட அயர்லாந்திலேயே விற்பனையாகிற சரக்கு, பதிவுபெற்ற வணிகர் அனுப்பினால், குறைந்த தாள்களோடு பச்சைத் தடத்தில் போகும். குடியரசுக்குக் கடந்துவிடக்கூடியது சிவப்புத் தடத்தில் முழுச் சோதனைக்கு உட்படும். பால், இறைச்சி போன்ற பொட்டலங்களில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்ற முத்திரை வந்தது இதனால்தான். என் மதிப்பீட்டில் இதுவே நடைமுறை அறிந்தவர்கள் எழுதிய முதல் தீர்வு, ஆயினும் சிறு வணிகர்களுக்குப் பதிவும் முத்திரையும் இன்னமும் சுமைதான்.

2025 மே 19 அன்று லண்டனில், உணவு மற்றும் தாவர விதிகளுக்குப் பொதுவான உடன்பாடு ஒன்றை உருவாக்க இரு தரப்பும் இசைந்தன. அது நிறைவேறினால் பிரிட்டனின் சாசேஜும் விதை உருளைக்கிழங்கும் ஒன்றியச் சந்தைக்குள்ளேயே போக வழி பிறக்கலாம். அதற்கு விலையாக, தான் வாக்களிக்க இயலாத விதிகளை, அவை மாறும்போதெல்லாம் பிரிட்டன் பின்பற்ற வேண்டியிருக்கும். சுங்க அறிவிப்புகளோ அந்த உடன்பாட்டின் வரம்புக்குள் வரவில்லை.